கட்டியக்காரனுக்கு ராஜா எழுதுவது

இன்று காலை பரணில் எலி ஓடுகிறதென்று என் வீட்டுக்காரி அஞ்சலை ஏணி போட்டு ஏறினாள். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பழைய கோணிகளுக்குப் பின்னால் கையை விட்டு அவள் எதையோ இழுக்க, தூசியும் கரையான் மண்ணும் என் தலையில் கொட்டின. கடைசியில் வந்து விழுந்தது நீ செய்த அட்டைக் கிரீடம். பிஸ்கட் பெட்டியைக் கிழித்து வளைத்து, சாக்லெட் காகிதம் ஒட்டிச் செய்தாயே, அதுதான். ஒரு பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. உள்ளே ‘இந்தப் பக்கம் மேலே’ என்ற அச்செழுத்தும் அம்புக்குறியும் மட்டும் அழியாமல் இருக்கின்றன. அம்புக்குறி கீழே பார்க்கும்படி நீ ஒட்டியிருந்தாய்.

“குப்பையில போட்டுடறேன்” என்று குனிந்தேன்.

“கைய ஒடிச்சிடுவேன்” என்றாள் மேலிருந்தே. இறங்கி வந்து அதை எடுத்து முந்தானையால் துடைத்தாள். சாமி படத்தைத் துடைக்கிற மாதிரி அவ்வளவு மெதுவாக. என்னுடைய நிஜக் கிரீடத்தை, கல்யாண முருங்கை மரத்தில் குடைந்து கண்ணாடிச் சில்லு பதித்த அந்தக் கிரீடத்தை, முப்பது வருஷத்தில் அவள் ஒருமுறைகூட அப்படித் துடைத்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது. நீ போய் இத்தனை வருஷம் ஆகியும் எரிகிறது.

அதனால்தான் எழுதுகிறேன். இறந்துபோன சிநேகிதனுக்கு எழுதுகிறவர்கள் அவனைப் புகழ்ந்து எழுதுவார்கள். எனக்கு அது கைவராது. உன்மேல் எனக்கு இருந்தது பொறாமை. அதை உயிரோடு இருக்கும்போது உன்னிடம் சொல்லவில்லை. அதோடு இன்னொன்றையும் சொல்லவில்லை. அதற்கு வருகிறேன்.

நம் ஊரை மலை என்று சொன்னால் திருப்புலிவனத்துக்காரர்கள் சிரிப்பார்கள். ஒரு பீடி பிடித்து முடிப்பதற்குள் உச்சிக்குப் போய்விடலாம். ஆனால் அந்தச் சரிவில் லாடம் மாதிரி வளைந்து முப்பத்தாறு வீடு கட்டி, குடத்தைத் தூக்கிக்கொண்டு தினம் நாலு தடவை ஏறி இறங்குகிறவர்களுக்கு அது மலைதான். கீழே நமக்கு ஒரு குழி நிலம் கிடையாது. நடவு, அறுப்பு, கல்லுடைப்பு, உத்திரமேரூரில் சித்தாள் வேலை. பங்குனி பிறந்துவிட்டால் கூத்து. நம் ஜமாவுக்கு நான் வாத்தியார். எனக்கு ராஜா வேஷம். நீ கட்டியக்காரன். ராஜா வருவதற்கு முன்னால் வந்து அவர் வருகிறார் என்று கட்டியம் சொல்லிவிட்டு, வந்தபிறகு அவர் காலடியிலேயே நின்று அவரைக் கிண்டல் செய்கிறவன்.

தாமலில் ஒரு தடவை ஆடினோம், நமக்கு முப்பது வயசுகூட ஆகாதபோது. அன்றைக்கு நான் ஆடிய ஆட்டம் எனக்கே இன்றும் நினைவிருக்கிறது. கிறுக்கி சுற்றினால் பாவாடை குடையாக விரிந்து நின்றது. ஏரிக்கரையில் எதிரொலிக்கிற மாதிரி பாடினேன். விடிந்ததும் முகத்தைக் கழுவிவிட்டு டீக்கடைக்குப் போனோம். கடைக்காரர் உன்னைப் பார்த்ததும் பெஞ்சைத் துடைத்துவிட்டார். நாலு பேர் வந்து உன் தோளைத் தட்டினார்கள். ஒருவர் உனக்கு பன் வாங்கிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்த என்னைப் பார்த்து, “நீங்க லாரி டிரைவரா?” என்று கேட்டார்.

நீ பன்னைப் பிய்த்துப் பாதியை என்னிடம் நீட்டினாய். “கோச்சுக்காத. ராஜாவுக்கு கிரீடத்த எடுத்துட்டா ஆளு காணாம பூடறான். எனக்கு எடுக்கறதுக்கு இன்னா கீது?” என்றாய். ஆறுதலாகத்தான் சொன்னாய். நான் பன்னை வாங்கவில்லை. பசியோடே பஸ் ஏறினேன்.

அந்தப் பன் விஷயம் எனக்குள் அப்படியே கிடந்தது. உன் மேல் எனக்குப் பிரியம் இல்லை என்று நினைக்காதே. உன் கல்யாணத்துக்கு மூன்று நாள் பந்தல் வேலை செய்தவன் நான். என் மகள் பிரசவத்துக்கு ஆட்டோ பிடித்து ஓடியவன் நீ. ஆனால் ஜனங்கள் சிரிக்கிற சத்தம் இருக்கிறதே, அதை என்னால் வாங்க முடியவில்லை. எனக்குக் கிடைத்தது மரியாதை. உனக்குக் கிடைத்தது சிரிப்பு. மரியாதையைக் கொடுக்கிறவர்கள் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். சிரித்தவர்கள் பக்கத்தில் வந்து நிற்பார்கள்.

பிறகு கொரோனா வந்த அந்தப் பங்குனி. ராஜகுளத்தில் ஆரம்பித்து ஆடிவரைக்கும் ஊர் ஊராகப் பேசி வைத்திருந்தோம். ஒரே வாரத்தில் எல்லா ஊரிலிருந்தும் போன். “அம்மன் கோயிலயே பூட்டிட்டாங்க வாத்தியாரே, கூத்து எங்க?” கீழே ரோட்டில் தடுப்பு வைத்தார்கள். ஜமாவில் பதினாலு பேர். அதில் மலையில் இருந்தது நீ, நான், மிருதங்கம் வாசிக்கிற ஏகாம்பரம், மூன்றே பேர். மற்றவர்கள் அவரவர் ஊரில் மாட்டிக்கொண்டார்கள். நான் வேஷப் பெட்டியைப் பூட்டி என் வீட்டில் மூலையில் தள்ளி, மேலே பாயைச் சுருட்டி வைத்தேன்.

ஒரு மாதம் மலை செத்த மாதிரி கிடந்தது. வேலை இல்லை. ரேஷன் அரிசிக் கஞ்சி. பக்கத்து வீட்டில் இருமினால் இந்த வீட்டில் கதவைச் சாத்தினோம். டிவியில் பிணம், பிணமாகக் காட்டினார்கள். குழாயடியில் தினமும் சண்டை போடுகிற பெண்கள்கூட முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த அமைதிதான் உனக்குப் பயமாக இருந்தது என்று பிறகு நீ சொன்னாய். எனக்கு அது தோன்றவே இல்லை.

ஒருநாள் காலையில் என் வாசலுக்கு எட்டடி தள்ளி நின்றுகொண்டு கூப்பிட்டாய்.

“பொட்டிய தொற.”

“எதுக்கு?”

“ஆடலாம்.”

“பைத்தியமா உனுக்கு? கீழ ரோட்டுல போலீஸ்காரன் குந்திக்கினு கீறான்.”

“கீழ யாரு போறா? தட்டுப்பாற மேல ஆடலாம்டா. அவங்கவங்க அவங்கவங்க வாசல்லயே குந்திக்கினு பாக்கட்டும். ஒருத்தரும் எறங்கி வர வேணாம். நம்ம மலைய ஒரு தபா சுத்திப் பாரு. சினிமா கொட்டா கேலரி மாதிரி கீது.”

திரும்பிப் பார்த்தேன். நீ சொன்னது சரி. நடுவில் தட்டையான பாறை, அதைச் சுற்றி மேலே மேலே வீடுகள். பிறந்ததிலிருந்து அங்கேயே இருக்கிறேன், எனக்குத் தெரியாமல் போய்விட்டது. உனக்குத் தெரிந்திருக்கிறது. அதுவே போதுமாக இருந்தது நான் மறுப்பதற்கு.

“பகல்லயா? திரை இல்லாம, லைட்டு இல்லாம? மூணு பேர வெச்சிக்கினு? கூத்துக்குன்னு ஒரு மரியாத கீது” என்றேன்.

“அந்த மரியாதயத்தான் பொட்டில வெச்சிப் பூட்டிக்கினியே. பூச்சி அரிக்காம பாத்துக்க” என்று சிரித்துவிட்டுப் போனாய்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். வெயில் பாறையை விட்டு அப்போதுதான் இறங்கியிருந்தது. ஏகாம்பரத்தின் மிருதங்கம் கேட்டது. நான் உள்ளே படுத்திருந்தேன். உன் குரல் வந்தது.

“மலைல கீற மகாஜனங்களே! ராஜா வராரு, ராஜா வராரு! ஆனா பாருங்க, அவருக்கு இ-பாஸ் கெடைக்கல. கோட்டை வாசல்ல தடுப்பு வெச்சி நிறுத்திட்டாங்க. அவரு வர்ற வரைக்கும் நீங்க என் மூஞ்சியத்தான் பாத்தாகணும், வேற வழி இல்ல!”

ஒரு மாதமாகச் சத்தமே இல்லாத மலை. முப்பத்தாறு வாசலிலிருந்தும் ஒரே நேரத்தில் சிரிப்பு எழுந்தது. மேல் வரிசையில் ஒரு கிழவர் சிரித்துச் சிரித்து இருமினார், யாரும் கதவைச் சாத்தவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த அஞ்சலை முறத்தோடு எழுந்து வாசலுக்கு ஓடினாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

அதன் பிறகு தினமும் ஐந்து மணிக்கு ஆட்டம். ஆள் போதவில்லை என்று நீ யார் யாரையோ இழுத்தாய். சித்தாள் வேலைக்குப் போகிறவளை ராணியாக்கினாய். அடிவாரத்தில் இருக்கிற நாலு இருளர் வீட்டையும் விடவில்லை. அவர்கள் பாட்டும் பறையும் நம் பாறைக்கு அதுவரை வந்ததே இல்லை. நாம் கூப்பிட்டதே இல்லை. நீ போய்க் கேட்டாய். செவ்வாய்க்கிழமை அவர்கள் கீழிருந்து பாட, நாம் மேலிருந்து கேட்டோம். அந்த ஆட்டமும் பாட்டும் இல்லாமல் பொழுது சாயாது போலிருந்தது என்று பிறகு ஊரே சொன்னது. நானும் உள்ளே படுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

பின்பாட்டுக்கு ஆள் வேண்டுமென்று அஞ்சலையைக் கேட்டாய். “அண்ணன் கூப்புடுது, போகட்டா?” என்று அவள் என்னைக் கேட்டாள். “போயேன்” என்றேன். பின்பாட்டுதானே.

பத்து நாள் இருக்கும். பாறையில் மிருதங்கம் வேறு மாதிரி விழுந்தது. என் கால் பெருவிரல் தானாக அசைந்தது. அது ராஜா வருகிற தாளம். யார் என்று நினைப்பதற்குள் விருத்தம் எழுந்தது. என் விருத்தம். இருபத்தைந்து வருஷமாக நான் விடியற்காலையில் சாதகம் பண்ணிய விருத்தம், என் பெண்டாட்டியின் குரலில்.

எழுந்து ஜன்னல் பலகையின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். நீ செய்த அந்த அட்டைக் கிரீடம் அவள் தலையில். மஞ்சளும் குங்குமமும் தேங்காய் எண்ணெயில் குழைத்து முகத்தில் பூசியிருந்தாய். அடுப்புக்கரியில் மீசை. என் பழைய லுங்கியை மடித்து இடுப்பில் கச்சையாகக் கட்டியிருந்தாள். வாளுக்குப் பதில் தென்னை மட்டை. அவள் நின்ற நிலை என்னுடையது. இடது தோளைக் கொஞ்சம் இறக்கி நிற்பேனே, அதுகூட. நான் ஆடும்போது அவள் தூங்குகிறாள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

உண்மையைச் சொல்கிறேன். மூன்றாவது சுற்றில் அவள் தாளத்தை ஒரு அட்சரம் விட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நீ உடனே குறுக்கே விழுந்து, “மகாராஜா, பாத்து! கல்லு கீது” என்றாய். ஜனம் சிரித்தது. அவள் அந்தச் சிரிப்புக்குள்ளேயே தாளத்தைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அப்படி எத்தனை ராத்திரி செய்திருப்பாய் என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து பாதி மீசையோடு குழம்பு வைத்தாள்.

“எப்டி இருந்துச்சி?” என்றாள், திரும்பாமல்.

“நான் பாக்கல.”

“ஜன்னலு அசஞ்சிச்சே.”

“காத்து.”

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைக் கழுவப் போனாள். அண்ணன் சொல்லிக்கொடுத்தது, அண்ணன் சொன்னது என்று ஒரு வாரமாக அவள் வாயில் நீதான். எனக்கு மனைவி மேல் சந்தேகம் வரவில்லை. அப்படி வந்திருந்தால்கூடப் பரவாயில்லை, சண்டை போட்டிருக்கலாம். அவள் நன்றாக ஆடினாள், அதை நீ கண்டுபிடித்தாய், நான் கண்டுபிடிக்கவில்லை. இதற்கு யாரோடு சண்டை போடுவது?

மறுநாள் நான் தலையாரிக்குப் போன் செய்தேன்.

இதுதான் நான் உன்னிடம் சொல்லாதது. “மலைல தெனமும் கூட்டம் சேருது. நாளைக்கு யாருக்காவது எதனா வந்துச்சின்னா என்ன கேக்காதீங்க” என்றேன். அவர், “யாரு கூட்டறது?” என்றார். உன் பெயரைச் சொன்னேன்.

சாயங்காலமே அவர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏறி வந்தார். நல்ல மனுஷன். யாரையும் திட்டவில்லை. “பாற மேல நாலு பேரு ஒண்ணா நிக்கறது தப்புப்பா. மேல கேட்டா நான் இன்னா பதில் சொல்றது? அவங்கவங்க வாசல்ல நின்னா நான் கேக்கமாட்டேன்” என்றார். நீ கையைக் கட்டிக்கொண்டு, “சரிங்க” என்றாய். தென்னை மட்டை வாளை அஞ்சலையிடமிருந்து வாங்கிச் சுவரில் சாய்த்தாய். மலை மறுபடியும் அமைதியானது.

இரண்டு நாள் ஆட்டம் இல்லை. அந்த இரண்டு நாளும் எனக்கு நன்றாகப் பசித்தது.

மூன்றாம் நாள் ஐந்து மணி. மிருதங்கம் கேட்டது. பாறையிலிருந்து அல்ல, ஏகாம்பரத்தின் வாசலிலிருந்து. மேல் வரிசையில் ராணி தன் வீட்டு வாசலில் நின்று பாடினாள். கிழக்குப் பக்கம் உன் வாசலில் நீ. பாறை வெறுமையாகக் கிடக்க, அதற்கு மேலே இந்த வாசலிலிருந்து அந்த வாசலுக்குப் பாட்டும் பேச்சும் போய்வந்தன. ராணி அழுதால் நாலு வீடு தள்ளி இருக்கிற தோழி பதில் பாடினாள். மலையே அரண்மனையாகிவிட்டது. பின்பாட்டை வாசலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் வாங்கிப் பாடினார்கள். பார்க்கிறவர்கள் யார், ஆடுகிறவர்கள் யார் என்று தெரியவில்லை. அப்படி ஒரு கூத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தலையாரி ‘வாசல்’ என்று சொன்ன ஒரு சொல்லை நீ பிடித்துக்கொண்டாய். நான் உன்னைக் கெடுக்கப் போய், உனக்கு எடுத்துக் கொடுத்திருந்தேன்.

ராஜாவின் வாசல் எது? என் வாசல். அஞ்சலை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிலைப்படியில் நின்றாள். நான் உள்ளே இருட்டில், அவளுக்கு நாலடி பின்னால். வெளியே போக வழியில்லை. அவள் ஆரம்பித்தாள்.

“கொட்டும் முரசதிரக் கோட்டை வாசல் தான் திறக்க…”

அடுத்த வரி வரவில்லை. மறுபடி பாடினாள், மறுபடி அங்கேயே நின்றது. அவள் முதுகில் வியர்வை இறங்குவது தெரிந்தது. வரி என் நாக்கு நுனியில் இருந்தது. ‘வெட்டும் வாளேந்தி வேந்தன் நான் வந்தேனே.’ மெல்லச் சொன்னால் போதும். சொல்லவில்லை. நிற்கட்டும் என்று நினைத்தேன். ராஜா வேஷம் என்றால் என்னவென்று ஊருக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். கட்டிய பெண்டாட்டியை முப்பத்தைந்து வாசலுக்கு முன்னால் அப்படி நிற்க வைத்தேன்.

எதிர் வாசலிலிருந்து உன் குரல் வந்தது. “ராஜா இன்னா யோசன பண்றாரு? ஓ! மந்திரி இல்லாம பேசமாட்டாரா? மகாராஜா, மந்திரி எங்கயும் போவல. உங்க வூட்டு உள்ளதான் கீறாரு. ஒண்ணர மாசமா தூங்கறாரு. எழுப்பிக் கேளுங்க!”

சிரிப்பு. அந்தச் சிரிப்பில் கேலி இல்லை, நான் வரவேண்டும் என்கிற ஆசைதான் இருந்தது. அது எனக்கே தெரிந்தது. அஞ்சலை திரும்பி இருட்டுக்குள் பார்த்தாள். மீசைக்கரி வியர்வையில் கரைந்து உதட்டில் இறங்கியிருந்தது. அவள் கெஞ்சவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

நான் உள்ளிருந்தே பாடினேன். தொண்டை ஒன்றரை மாதமாகச் சும்மா இருந்ததால் குரல் கரகரவென்று வந்தது. “வெட்டும் வாளேந்தி…” அவள் சட்டென்று திரும்பி என் வரியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போனாள். நான் லுங்கியைச் சரிசெய்துகொண்டு நிலைப்படிக்கு வந்து அவளுக்கு ஒரு அடி பின்னால் நின்றேன். மந்திரியாக. மலை முழுக்கக் கை தட்டியது. நீ மட்டும் தட்டவில்லை. அந்தப் பக்கம் நின்று தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாய், வேலைக்கு நேரங்கழித்து வந்த ஆளைப் பார்க்கிற மாதிரி.

மறுநாள் பெட்டியைத் திறந்தேன். கட்டுப்பாடுகள் தளர்கிறவரை, அவள் ராஜாவாக, நான் மந்திரியாக, தினமும் ஆடினோம். கீழே எத்தனையோ ஊரில் அந்த வருஷம் சலங்கைச் சத்தமே கேட்கவில்லை. நம் மலையில் ஓயவில்லை. அதற்காக எல்லோரும் உனக்கு நன்றி சொன்னார்கள். எனக்கும் சொன்னார்கள், உனக்குச் சொல்லி முடித்த பிறகு.

அடுத்த வருஷம் இரண்டாவது அலை வந்தபோது உனக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்தாம் நாள் மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸ் அடிவாரத்தில்தான் நிற்கும். கட்டிலில் தூக்கிக்கொண்டு போகிறோம் என்றார்கள். “இன்னும் அந்த நெலமைக்கு வரல” என்று நீயே நடந்தாய். நாலு அடிக்கு ஒரு தரம் உட்கார்ந்தாய். ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். யாரும் கிட்டே வரக்கூடாது. என் வாசலுக்கு நேரே வந்ததும் பாறையில் கை வைத்து நின்றாய்.

அப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். தலையாரிக்குப் போன் பண்ணியது நான்தான் என்று. நீ முந்திக்கொண்டாய்.

“இன்னா ராஜா, மூஞ்சி ஏன் அப்டி கீது? கட்டியக்காரன்தான மொதல்ல போவணும். நான் போயி சொல்லி வெக்கறேன். நீ மெதுவா வா. அவசரமே இல்ல.”

சொல்லிவிட்டு மாஸ்க்குக்குள் சிரித்தாய். கண்ணில் தெரிந்தது. நான் சொல்ல வந்ததை விழுங்கினேன். பத்து நாளில் உன்னை மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து, மலைக்கு ஏற்றாமலே எடுத்துப்போய்விட்டார்கள். உன் மகன் மட்டும் கூடப் போனான். நாங்கள் மேலே நின்று ஆம்புலன்ஸ் திரும்புவதைப் பார்த்தோம். ஏகாம்பரம் தன் வாசலில் மிருதங்கத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

கூத்துக்காரன் செத்தால் பதினாறாம் நாள் அவனுக்காகக் கூத்து ஆடவேண்டும். அது நம் வழக்கம். மறுபடி ஊரடங்கு. வாசல் கூத்துதான் வழி. எல்லோரும் நான் ராஜா வேஷம் கட்டுவேன் என்று நினைத்தார்கள். நான் அஞ்சலையிடம் என் நிஜக் கிரீடத்தைக் கொடுத்தேன். உன் தொப்பியையும் உன் கோமாளிச் சட்டையையும் கேட்டு, உன் வீட்டுக்கு ஆள் அனுப்பினேன். சட்டை எனக்குத் தோளில் பிடித்தது.

ஐந்து மணிக்கு வாசலில் நின்று கட்டியம் சொன்னேன். நீ சொல்கிற அதே வார்த்தைகள். சரியான இடத்தில் நிறுத்தினேன் என்றுதான் நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. துக்க வீடு, அதனால் சிரிக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் எனக்குத் தெரியும். அடுத்த வரியைச் சொன்னேன். அதற்கும் இல்லை. மூன்றாவதை அவசரத்தில் பாதியிலேயே முடித்தேன்.  ராஜா தப்பு பண்ணினால் கட்டியக்காரன் காப்பாற்றுவான். கட்டியக்காரன் தப்பு பண்ணினால் காப்பாற்ற யாரும் இல்லை. இருபத்தேழு வருஷம் நீ அப்படி நின்றிருக்கிறாய், ஒருநாள்கூட அது கஷ்டம் என்று சொல்லாமல். செத்தவன் மேல் பொறாமைப்படுவார்களா? நான் உன் சட்டையைப் போட்டுக்கொண்டே பட்டேன்.

ஆட்டம் முடிந்து சட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். உன் மனைவி கோவிந்தம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். தள்ளி நின்றேன். அவளிடமாவது சொல்லிவிடுவது என்று ஆரம்பித்தேன். “போன வருசம் தலையாரி வந்தாரே, அவருக்கு…”

“தெரியும்ணா” என்றாள்.

“இன்னா தெரியும்?”

“நீதான் போன் பண்ணன்னு. தலையாரி அன்னிக்கே இவர தனியா கூப்ட்டு சொல்லிட்டாரு. நான்தான் ஆத்தரமா உன்ன கேக்கறேன்னு கெளம்பனேன். இவரு உடல.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “‘அவன் போன் பண்ணதும் நல்லதுக்குத்தான்டி. இல்லன்னா எனுக்கு இந்த வாசல் ரோசன வந்திருக்குமா? ஜமாவுக்கு அவன் வாத்தியாரு, எப்பவும் எதனா சொல்லிக் குடுத்துக்கினேதான் இருப்பான்’னு சொல்லி சிரிச்சாரு. நீ சட்டைய வெச்சிக்க. வேற யாருக்கு ஆவும்?”

நான் அங்கேயே பாறையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருஷமாக நெஞ்சுக்குள் வைத்துப் பொத்திக் காத்ததை நீ ஒரு வருஷத்துக்கு முன்பே வாங்கி, சிரித்து, கீழே போட்டுவிட்டுப் போயிருக்கிறாய். அதற்குப் பிறகும் தினம் என் எதிர் வாசலில் நின்று என்னை மந்திரி என்று கூப்பிட்டிருக்கிறாய். மன்னிப்பதிலும் நீ என்னை முந்திக்கொண்டாய். நான் மன்னிப்புக் கேட்கக்கூட இடம் வைக்கவில்லை.

இப்போது ஊர்களில் பழையபடி ஆடுகிறோம். அஞ்சலைதான் ராஜா. முதலில் இரண்டு ஊரில், “பொம்பளயா?” என்று இழுத்தார்கள். ஒரு தடவை பார்த்தபிறகு அவளைத்தான் கேட்கிறார்கள். அவளுக்கு முன்னால் போய்க் கட்டியம் சொல்வது நான். ரொம்ப நாள் எனக்குச் சிரிப்பு விழவில்லை. “அவரு மாதிரி வராது” என்று என் காதுபடச் சொல்வார்கள். நான் கேட்டுக்கொண்டு முகத்தைக் கழுவுவேன்.

போன மாதம் ஒரு ஊரில், பொழுது விடிகிற நேரம். ஜனம் பாதி தூக்கத்தில் இருந்தது. அஞ்சலை வாளைத் தூக்கி, “யாரங்கே?” என்றாள். நான் உடனே பதில் சொல்லாமல் அவளைப் பார்த்தேன், ஜனத்தைப் பார்த்தேன், மறுபடி அவளைப் பார்த்தேன். பிறகு, “வூட்டுலயும் இப்டித்தான்யா கூப்புடறா” என்றேன். முன்வரிசையில் ஒரு அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அது பின்னால் பரவி, கடைசியில் சைக்கிள் மேல் சாய்ந்து நின்றவர்கள்வரை போயிற்று. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து, என்ன என்று பக்கத்தில் கேட்டு, தாங்களும் சிரித்தார்கள்.

அந்த வரி என்னுடையது. நீ ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஜனத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேனே, அந்த நேரம் உன்னுடையது. இத்தனை வருஷம் உன்னையே பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்ததில், எனக்குத் தெரியாமல் அது என் உடம்பில் ஏறியிருக்கிறது. பிரியமாகப் பார்த்திருந்தால் இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கமாட்டேன்.

நீ அன்றைக்கு அங்கே இருந்து கேட்டிருந்தால் உனக்குக் கொஞ்சமாவது பொறாமையாக இருந்திருக்குமா என்று யோசிக்கிறேன். இருந்திருக்காது. எல்லோருக்கும் முன்னால் நீதான் சிரித்திருப்பாய். அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.